பினாங்கின் மரபு நடையும் குழந்தைகள் இல்லத்தின் வாசற்படியும்

பினாங்கிலுள்ள குழந்தைகள் இல்லங்களுக்கும், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறு சங்கங்களுக்கும் உதவி வந்து சேரும் விதத்தில் ஒரு பழைய கோளாறு உண்டு. தீபாவளிக்கு முந்திய மூன்று நான்கு வாரங்களில் ஒரே இல்லத்துக்குப் பல விருந்துகள், பல ஜோடிப் புத்தாடைகள், பணம் வைத்த அங்பாவ் உறைகள், பெரிய அட்டையில் அச்சிட்ட மாதிரிக் காசோலையோடு குழுப்படங்கள் என்று எல்லாம் ஒன்றாக வந்து குவியும். பிறந்த நாளுக்குச் சாப்பாடு போட வருகிறவர்களும் வார இறுதியைத்தான் கேட்பார்கள். பள்ளித் தவணையின் நடுவே, பேருந்துக்காரருக்குக் கொடுக்க வேண்டிய மாதக் கட்டணமும் கணித ஆசிரியருக்கு உரிய ஊதியமும் நிலுவையில் நிற்கும்போது வாசலில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். கொடுப்பவர்களின் மனத்தில் குறையில்லை. கொடை அவர்களுடைய நாள்காட்டியின்படி வருகிறது. பிள்ளைகளின் தேவையோ மாதந்தோறும் வருகிறது.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய வழிகளில் ஒன்றாக, தொண்டூழியர்கள் நடத்தும் சுற்றுலா உலகின் பல நகரங்களில் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. ஊரை நன்கு அறிந்த குடிமக்கள் பயணிகளை அழைத்துச் சென்று ஊரைக் காட்டுகிறார்கள். அதில் கிடைக்கும் வருமானம் பிள்ளைகளின் கல்விக்கும் பராமரிப்புக்கும் போகிறது. கேட்பதற்கு எளிமையான ஏற்பாடு இது. ஆனால் அந்த ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதல் வகையில் பயணி குழந்தைகளிடம் அழைத்து வரப்படுகிறார்: இல்லத்தைச் சுற்றிப் பார்க்கிறார், ஒரு வாரம் தங்கி ஆங்கிலம் கற்பிக்கிறார், பிள்ளைகள் ஆடிப் பாடுவதைப் பார்த்து மனம் நெகிழ்ந்து பணம் கொடுக்கிறார். இரண்டாவது வகையில் பயணிக்கு நகரம் காட்டப்படுகிறது. குழந்தைகளை அவர் பார்ப்பதே இல்லை. அவர் கட்டிய கட்டணம் மட்டும் அவர்களைச் சென்றடைகிறது. முதல் வகையைப் பினாங்கு முற்றாகத் தவிர்க்க வேண்டும் என்றும், இரண்டாவது வகைக்கு இந்த ஊரைப் போல் பொருத்தமான ஊர் மலேசியாவில் குறைவு என்றும் நான் கருதுகிறேன்.

கம்போடியாவில் நடந்தது

முதல் வகையின் விளைவு கம்போடியாவில் மிகத் தெளிவாக வெளிப்பட்டது. அங்கே 2005க்கும் 2010க்கும் இடையில் குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்து 269ஐ எட்டியது என்றும், அவற்றில் அரசு நடத்தியவை 21 மட்டுமே என்றும் யுனிசெஃப் அமைப்பு பதிவு செய்தது. உள்நாட்டுப் போர் ஓய்ந்து ஆண்டுகள் பல கடந்திருந்த காலம் அது. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் தொகை அந்த அளவுக்குக் கூடியிருக்கவில்லை. கூடியது அங்கோர் வாட்டைக் காண வந்த பயணிகளின் தொகைதான். இல்லங்களில் வாழ்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள் என்பதுதான் இச்செய்தியின் கொடிய பகுதி. வறுமையால் தவித்த பெற்றோரிடம், பள்ளியும் சாப்பாடும் கிடைக்கும் என்று சொல்லிப் பிள்ளைகள் அழைத்து வரப்பட்டனர். வெளிநாட்டுப் பயணி இல்லத்துக்கு வந்து நன்கொடை தருகிறார் என்று ஆனபிறகு, இல்லத்தில் பிள்ளைகள் நிறைந்திருப்பதே நடத்துபவருக்கு வருமானமாயிற்று. சில இடங்களில் பிள்ளைகளை வறிய தோற்றத்தோடு வைத்திருப்பதும் ஆதாயமாயிற்று.

பண மோசடி இல்லாத, நல்லெண்ணத்தோடு நடத்தப்படும் இல்லங்களிலும் இந்த வகைச் சுற்றுலா தீங்கு செய்கிறது என்பதைப் பலர் எளிதில் ஏற்பதில்லை. வருகிறவர் அன்பானவர், பிள்ளைகளும் அவரைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்கள், இதில் என்ன தீங்கு என்று கேட்பார்கள். முன்பின் அறியாத ஒருவரைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதே, நிலையான பராமரிப்பாளர் இல்லாமல் வளரும் குழந்தைகளிடம் காணப்படும் ஓர் அறிகுறி என்று குழந்தை உளவியல் சொல்கிறது. ருமேனியாவில் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய புக்காரெஸ்ட் ஆய்வு, காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்களில் சிறு வயதிலேயே வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்டவர்கள் மனப்பிணைப்பிலும் அறிவு வளர்ச்சியிலும் காப்பகத்திலேயே தங்கியவர்களைவிட மேம்பட்டிருந்ததைக் கண்டது. மாறாத ஒரு முகம் தன்னருகே இருப்பது குழந்தைக்கு எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. வாரத்துக்கு ஒருவர் வந்து பாசம் காட்டிவிட்டு விமானம் ஏறிவிடும் ஏற்பாடு, ஏற்கெனவே பிரிவைக் கண்ட பிள்ளைக்கு மேலும் மேலும் பிரிவுகளைக் கொடுக்கிறது.

உலகம் இதைத் தாமதமாகவே உணர்ந்தது. ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்லர்’ என்னும் முழக்கத்தோடு 2011இல் கம்போடியாவிலிருந்து ஓர் இயக்கம் எழுந்தது. ஆஸ்திரேலியா 2018இல் தன்னுடைய நவீன அடிமைத்தன எதிர்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்திச் சேர்ப்பதையும் நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, பெற்றோர் பராமரிப்பு இல்லாத பிள்ளைகளைப் பற்றிய தீர்மானத்தில், இல்லங்களில் தொண்டு செய்யும் சுற்றுலாவின் தீங்குகளைக் குறித்து நாடுகளை எச்சரித்தது.

இவையெல்லாம் வெள்ளைக்காரப் பயணிகளைப் பற்றிய பேச்சு, நமக்கு என்ன என்று பினாங்குத் தமிழர் ஒருவர் கேட்கக்கூடும். நம் ஊரில் வெளிநாட்டுத் தொண்டூழியர் கூட்டம் கம்போடியா அளவுக்கு இல்லை என்பது உண்மைதான். அதற்குப் பதிலாக நம்மிடம் நிறுவனங்களின் சமூகக் கடமை வருகைகள் இருக்கின்றன, கல்லூரிக் குழுக்கள் இருக்கின்றன, முன்னே சொன்ன பிறந்த நாள் சாப்பாடும் தீபாவளிப் படங்களும் இருக்கின்றன. பேருந்தில் வந்து இறங்கி, இரண்டு மணி நேரம் இருந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பொருள் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் உள்ளூர்க்காரரும் அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சுற்றுலாப் பயணிதான். நம்முடைய இல்லங்களில் இருப்பவர்களும் எல்லாரும் பெற்றோரை இழந்தவர்கள் அல்லர். தாய் தனியாக இரண்டு வேலை பார்ப்பதால், தந்தை சிறையில் இருப்பதால், போதைப்பொருளால் வீடு குலைந்ததால் வந்து சேர்ந்தவர்கள் அவர்களுள் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளையின் முகம் நன்கொடைப் படத்தில் வந்தால், மறுநாள் பள்ளியில் அவன் யார் என்பது அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது.

சட்டமும் இங்கே மௌனமாக இல்லை. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995இல் சேர்ந்தது. 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பாதுகாப்பு நடவடிக்கைக்கும் வழக்குக்கும் உட்பட்ட சிறாரின் பெயரையோ படத்தையோ அவரை அடையாளம் காட்டும் விவரத்தையோ ஊடகத்தில் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தங்கிப் பராமரிக்கும் இல்லங்கள் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி சமூக நல இலாகாவில் பதிவு செய்திருக்க வேண்டும். இருந்தும், 2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களில் காவல் துறை நடத்திய சோதனையில் 402 சிறார்கள் மீட்கப்பட்டார்கள். பொதுமக்களின் இரக்கத்தையும் சமய உணர்வையும் காட்டி நன்கொடை திரட்ட அப்பிள்ளைகள் பயன்படுத்தப்பட்டதாக நம்பப்படுவதாகக் காவல் துறைத் தலைவர் அப்போது கூறினார். பிள்ளையைக் காட்டிப் பணம் திரட்டும் முறை எங்கே போய் முடியும் என்பதற்குத் தூர தேசத்து உதாரணமே தேவைப்படவில்லை.

யாருடைய தெரு, யாருடைய வருமானம்

இரண்டாவது வகைக்குப் பினாங்கு ஏன் பொருந்துகிறது என்பதற்கு முதல் விடை எல்லாருக்கும் தெரிந்ததே. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன், மலாக்காவோடு சேர்ந்து, 2008 ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மையப் பகுதியையும் அதைச் சூழ்ந்த காப்புப் பகுதியையும் சேர்த்துச் சுமார் 259 ஹெக்டர். காலை வெயில் ஏறுவதற்குள் நடந்தே பார்த்துவிடக்கூடிய பரப்பில் அதன் முக்கியமான தெருக்கள் அடங்கிவிடுகின்றன. சுவெட்டன்ஹம் துறையில் உல்லாசக் கப்பல்கள் வந்து நின்று, சில மணி நேரம் மட்டுமே கையில் உள்ள பயணிகளை நகரின் நடுவிலேயே இறக்கிவிடுகின்றன. இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் முதல் விசா தேவையில்லை என்று ஆனதும், 2024 இறுதியில் சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானம் தொடங்கியதும் தமிழில் விளக்கம் கேட்கும் பயணிகளையும் கொண்டுவந்திருக்கின்றன. இவர்களுக்குச் சுவரோவியங்களையும் உணவுக் கடைகளையும் காட்ட ஆள் உண்டு. லெபோ குயின் தெருவிலுள்ள மகாமாரியம்மன் கோயில் 1833இல் எழுந்ததையும், 2017 முதல் தைப்பூசத் தங்க ரதம் அங்கிருந்தே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படுவதையும், வெள்ளி ரதமோ லெபோ பினாங்கிலுள்ள செட்டியார் கோயில் வீட்டிலிருந்து போவதையும், ஒரே முருகனுக்கு இரண்டு ரதங்கள் எப்படி வந்தன என்பதையும் தமிழில் நிதானமாகச் சொல்ல ஆள் குறைவு.

சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. 1801ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், அதற்கு அருகிலேயே நாகூர் ஆண்டவர் பெயரால் அமைந்த தர்காவும், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இந்த நகரத்தின் தொடக்க நாள்களிலேயே இங்கே வேர்விட்டதற்குச் சான்றுகள். லெபோ பினாங்கில் கிட்டங்கிகள் எனப்பட்ட செட்டியார்களின் வட்டித்தொழில் கூடங்கள்; அவற்றில் வட்டிக் கணக்கு எழுதிய பெட்டகங்களுக்குப் பின்னே பர்மாவிலிருந்து மலாயா வரை நீண்ட ஒரு கடன் வலை. 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் வெண்மையான தூண்களைப் படம் எடுக்காத பயணி இல்லை. இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பால் அது எழுந்தது என்பதை அறிந்து போகிறவர் சிலரே. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களுக்குத் தோளில் காவடித் தண்டு போலச் சுமந்து வந்து சோறும் குழம்பும் விற்ற தமிழ் முஸ்லிம்கள்தாம் நாசி கண்டார் என்னும் இன்றைய சோற்றுணவுக்கு மூலவர்கள். நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறி இந்தத் துறையில் வந்து இறங்கிய தாத்தா பாட்டி இல்லாத பினாங்குத் தமிழ்க் குடும்பங்களை எண்ணிவிடலாம். ஃபார்குவார் தெருவில் இப்போது மாநில அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடம், 1816 அக்டோபர் 21ஆம் நாள் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலின் பழைய இல்லம். மலாயாவில் தமிழ்க் கல்வியின் வரலாறு அப்பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்துதான் எழுதப்படுகிறது. கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடம் தர வேண்டும் என்ற எண்ணத்தோடு பாதிரியார் ஹட்சிங்ஸ் நிறுவிய பள்ளி அது என்பதை, ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காகக் கட்டணம் கட்டி நடக்கும் ஒரு குழுவிடம் அக்கட்டடத்தின் முன்னே நின்று சொல்வதற்குத் தனி அழுத்தம் உண்டு.

இரண்டாவது விடை அவ்வளவு இனிமையானது அன்று. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்தவரை, நகரின் நடுவே பழைய கடைவீடுகளில் சொற்ப வாடகைக்குப் பல தலைமுறைகளாகச் சாதாரண மக்கள் குடியிருந்தார்கள். 1997இல் நிறைவேறிய சட்டம் அந்தப் பாதுகாப்பை நீக்கி, மாறுதல் காலம் முடிந்து 2000 ஜனவரி முதல் வாடகையைச் சந்தையிடம் விட்டது. வண்டிக்காரர், தையற்காரர், பூக்கட்டுபவர், துறைமுகத் தொழிலாளர் ஆகியோரின் குடும்பங்கள் ஆயர் ஈத்தாமுக்கும் பாயா தெருபோங்குக்கும் அப்பாலும் இருந்த அடுக்குமாடிகளுக்கு நகர்ந்தன. அவர்கள் விட்டுச் சென்ற வீடுகள் பிறகு விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் ஆயின. உலக மரபு என்று பெயர் பெறுவதற்கு எட்டே ஆண்டுகளுக்கு முன் நடந்த வெளியேற்றம் அது. பயணிக்கு விற்கப்படும் தெருக்கதை அந்தக் குடும்பங்களுடைய கதை. அந்த விற்பனையில் அவர்களுக்குப் பங்கு எதுவும் வரவில்லை. ஆகவே, இந்தத் தெருக்களில் நடத்தும் ஒரு நடையின் வருமானம் அந்த அடுக்குமாடிகளில் வளரும் பிள்ளைகளின் படிப்புக்குப் போனால், அதைத் தருமம் என்று அழைப்பதைவிடப் பாக்கியில் ஒரு சிறு தவணை என்று அழைப்பதே பொருந்தும் என்பது என் எண்ணம். பயணியிடம் இதைச் சொல்லலாம். பிள்ளையின் படத்தைக் காட்டி இரக்கத்தைத் தூண்ட வேண்டிய அவசியமே இல்லாமல் அவர் கட்டணத்தின் பொருள் அவருக்கு விளங்கிவிடும்.

நடத்துவதன் நுணுக்கங்கள்

தொண்டூழியர்கள் தரமான விளக்கம் தர முடியுமா என்ற ஐயத்துக்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் பல மாதப் பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் பார்வையாளர்களுக்கு இலவசமாக விளக்கம் தந்து வருகிறார்கள். பினாங்கில் 1986இல் தோன்றிய பினாங்கு மரபு அறக்கட்டளை, உறுப்பினர்களின் தன்னார்வத்தால் மரபு இடங்களுக்கான வருகைகளை நடத்திப் பழகிய அமைப்பு. ஆர்ட்ஸ்-எட் என்னும் கலைக்கல்வி அமைப்பு 2000களின் தொடக்கத்திலிருந்து நகரத்துப் பிள்ளைகளையே தெருக்களுக்கு அனுப்பி, கைவினைஞர்களிடம் பேட்டி எடுக்கவும் வரைபடம் போடவும் நாடகமாக்கவும் வைத்திருக்கிறது. அங்கே பிள்ளைகள் பார்க்கப்படுகிறவர்களாக இல்லாமல், ஊரை ஆராய்ந்து பார்க்கிறவர்களாக இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், கடைத்தெருவில் வளர்ந்த மூத்தவர்கள், மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மாணவர்கள் ஆகியோரைக் கொண்டு ஒரு குழு அமைப்பது கடினமான காரியம் அன்று. கடினம், அவர்கள் சொல்வதைச் சரிபார்ப்பதில் இருக்கிறது. கோயிலைப் பற்றிய செவிவழிக் கதையும் ஆவணமும் மோதும் இடங்களில் இரண்டையும் பிரித்துச் சொல்லும் ஒழுக்கத்தைப் பயிற்சியில் புகட்டாவிட்டால், ஆறே மாதத்தில் ஒவ்வொரு வழிகாட்டியும் ஒவ்வொரு வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

சட்டப் பக்கத்தை அலட்சியம் செய்யும் நல்லெண்ணக்காரர்கள் அதிகம் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மலேசியாவில் 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி, சுற்றுலா நடத்தும் தொழிலுக்கும் ஊதியம் பெற்று வழிகாட்டுவதற்கும் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் வேண்டும். கட்டணம் என்ற சொல்லை நன்கொடை என்று மாற்றிவிட்டால் சட்டம் விலகிக்கொள்ளும் என்று ஒரு சங்கம் நினைத்தால், முதல் புகார் வரும் வரைதான் அந்த நினைப்பு நிலைக்கும். நேரான வழி, உரிமம் பெற்ற ஒரு பயண நிறுவனத்தோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து, பதிவும் காப்புறுதியும் அந்நிறுவனத்தின் பெயரில் இருக்க, உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் ஊதியத்தோடு நடையை நடத்த, தொண்டூழியர்கள் கதைசொல்லிகளாகவும் துணையாளர்களாகவும் உடன் செல்வது. வழிகாட்டித் தொழிலால் பிழைக்கும் உள்ளூர்க்காரரின் வயிற்றில் இலவசச் சேவையால் அடிக்காமல் இருக்கவும் இந்த ஏற்பாடே நல்லது. ஏழைப் பிள்ளைக்கு உதவுவதாகச் சொல்லி இன்னொரு ஏழைப் பிள்ளையின் தந்தைக்கு வேலை இல்லாமல் செய்வதில் அறம் எதுவும் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை அடக்கமான எதிர்பார்ப்பு வேண்டும். கற்பனையாக ஒரு கணக்கு: நபருக்கு 60 ரிங்கிட் என்று 12 பேர் வந்தால் 720 ரிங்கிட். வழிகாட்டியின் ஊதியத்துக்கு 250, காப்புறுதி, தண்ணீர், தேநீருக்கு 90, உள்ளே அனுமதித்த வழிபாட்டிடங்களுக்குக் காணிக்கையாக 40 என்று வைத்தால் மீதி 340. வாரம் ஒரு நடை என்றால் மாதத்துக்கு 1,360 ரிங்கிட். ஆறு பேர் மட்டும் வந்த வாரத்தில் கைப்பணம் 20 ரிங்கிட் போகும். மழை மிகுந்த செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சில நடைகள் நடக்கவே மாட்டா. இந்தத் தொகையால் ஓர் இல்லத்தை நடத்த முடியாது. ஆனால் ஒரு மாலை வகுப்பின் ஆசிரியர் ஊதியத்தையோ, சில பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக் கட்டணத்தையோ மாதம் தவறாமல் இதனால் தாங்க முடியும். தீபாவளிக் கூட்டத்தின் பெருந்தொகைகளால் செய்ய முடியாத வேலை அது. நடையின் வருமானத்தைப் பெரிய கனவுகளுக்கு நேர்ந்துவிடாமல், பெயர் சொல்லக்கூடிய ஒரே ஒரு தொடர்செலவோடு கட்டிவைப்பது கணக்குக்கும் நல்லது, நம்பிக்கைக்கும் நல்லது. நடைக்குக் கட்டிய கட்டணம் சேவைக்கான விலை. 1967ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு வழங்கும் நன்கொடைக்கு உரிய வரிக்கழிவை அதற்குக் கோர முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வருமானம் எங்கே போக வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இல்லத்துக்குக் கொடுப்பதைவிட, பிள்ளை இல்லத்துக்குப் போகாமல் வீட்டிலேயே வளர உதவும் செலவுகளுக்குக் கொடுப்பது மேல். தனித்தாய் வேலை முடிந்து திரும்பும் வரை பிள்ளையைப் படிக்க வைத்துக்கொள்ளும் மாலை வகுப்பு அவற்றுள் தலையாயது. அடுத்தது ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லாத இந்தியர்களைப் பதிவு செய்ய 2011இல் மைடஃப்தார் என்ற இயக்கத்தை அரசே நடத்த வேண்டியிருந்தது என்பது, இச்சிக்கல் நம் சமூகத்தில் எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டும். ஆவணம் இல்லாத பிள்ளை, படிப்பிலிருந்து பிற்கால வேலை வரை ஒவ்வொரு வாசலிலும் தடுக்கப்படுகிறது. பதிவிலாகாவுக்குப் பலமுறை போய்வரும் செலவு, சத்தியப் பிரமாணச் செலவு, சில வேளை வழக்கறிஞர் செலவு ஆகியவை ஓர் அன்றாடக் கூலிக் குடும்பத்தால் தாங்க முடியாதவை. படம் எடுத்துப் போட முடியாத உதவி என்பதாலேயே இதற்கு நன்கொடையாளர் கிடைப்பதில்லை. சமூக நல இலாகாவின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தை ஒரு தாயோடு உட்கார்ந்து நிரப்புவதும் தொண்டூழியம்தான். அதற்குச் சுற்றுலாப் பயணி யாரும் தேவையில்லை.

மாலை வகுப்பில் பிள்ளைகளோடு நேரடியாகப் பழகும் தொண்டூழியர் வேறு, பயணிகளோடு நடக்கும் தொண்டூழியர் வேறு என்று முதல் நாளிலேயே பிரித்துவிடுவது நல்லது. 2017ஆம் ஆண்டில் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் வந்தது. சிறாருக்கு எதிராகக் குற்றம் புரிந்தவர்களின் பதிவேட்டில் ஒருவர் பெயர் இருக்கிறதா என்று சமூக நல இலாகா வழியாகச் சோதிக்கும் முறையும் 2019இல் நடப்புக்கு வந்தது. வகுப்பில் பழகுகிறவர்கள் அந்தச் சோதனைக்கு உட்பட வேண்டும். ‘நம்ம ஆள்தானே, கோயில் கமிட்டியில் இருக்கிறவர்’ என்ற நற்சான்றிதழ் இவ்விஷயத்தில் செல்லாது. பயணிகள் கேட்கத்தான் செய்வார்கள்: நாங்கள் உதவும் பிள்ளைகளைப் பார்க்க முடியுமா, ஒரு சாக்லேட் கொடுக்கலாமா என்று. மறுப்பதற்கு வழிகாட்டி தடுமாறக் கூடாது. மும்பையின் தாராவியில் நடை நடத்தும் ரியாலிட்டி டூர்ஸ் நிறுவனம் படம் எடுப்பதற்கே தடை விதித்து, இலாபத்தில் 80 விழுக்காட்டைத் தன் துணைத் தொண்டு அமைப்புக்குக் கொடுத்து, அதைக் கட்டணத்தோடு சேர்த்தே அறிவிக்கிறது. எந்த மாதம் எவ்வளவு வந்தது, எந்த வகுப்புக்கு எவ்வளவு போயிற்று என்று ஒரு பக்கக் கணக்கைப் பயணிக்கு அனுப்பினால், பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டிய தேவை பெருமளவு குறைந்துவிடும்.

இதில் எளிதில் முடிவுகட்ட முடியாத கேள்வி ஒன்று எஞ்சுகிறது. பதினெட்டு வயது நிறைந்ததும் சட்டத்தின் கண்ணில் ஒருவர் சிறார் அல்லர். இல்லத்தில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் அந்த வயதில்தான் வெளியேறுகிறார்கள், திரும்பிப் போக வீடு இல்லாமலே. அவர்களுக்கு இந்த நடைகளில் வேலை தரலாமா? டெல்லியில் சலாம் பாலக் அறக்கட்டளையின் நகர நடை, ஒருகாலத்தில் ரயில் நிலையத்திலும் தெருவிலும் வாழ்ந்த இளைஞர்களையே வழிகாட்டிகளாகக் கொண்டு புது டெல்லி நிலையத்தையும் பாகர்கஞ்சையும் சுற்றி நடக்கிறது. அவர்களுக்கு ஆங்கிலமும் தன்னம்பிக்கையும் தொழிலும் கிடைத்தன என்பதை மறுக்க முடியாது. தன்னுடைய துயரக் கதையை நாள்தோறும் அந்நியர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒருவரை என்ன செய்யும் என்ற விமரிசனமும் அதே அளவு நியாயமானது. பினாங்கில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் இங்கே விற்கப்படுவது தெருக்களின் இருநூறு ஆண்டுக் கதை. இல்லத்தில் வளர்ந்த ஓர் இளைஞர் அதைக் கற்று, முதலாண்டில் மூத்த கதைசொல்லியோடு ஊதியம் பெறும் உதவியாளராக நடந்து, பிறகு வழிகாட்டி உரிமத்துக்கான பயிற்சியில் சேரலாம். அவர் எங்கே வளர்ந்தார் என்று குழுவுக்கு யாரும் அறிமுகப்படுத்தக் கூடாது. அவராகச் சொல்ல விரும்பினால் அது அவர் முடிவு. பயிற்சிக் கட்டணத்துக்கு நன்கொடையாளரைத் தேடி அலையாமல், நடையின் மாத வருமானத்திலிருந்தே ஒரு பகுதியை முதல் மாதம் தொட்டு ஒதுக்கி வைத்தால், ஓராண்டில் ஒருவரையாவது அனுப்பிவிடலாம்.